மூச்சை விடும்போது மட்டும் நகர்ந்த இழை

கழுத்து வலி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எலும்புத் தேய்மானம் லேசாக இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரையிலும் பிசியோதெரபியிலும் பாதி குறைந்தது. மீதிதான் பாடாய்ப் படுத்தியது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் விடியும்வரை பல்லைக் கடித்தபடி படுத்திருப்பேன். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கினால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும்.

முதலில் ஒரு யோகா குழு வகுப்பில் சேர்ந்தேன். முப்பது பேருக்கும் ஒரே ஆசனம். ஐந்தாம் நாளே சர்வாங்காசனம், தோளை ஊன்றிக் காலை மேலே நிமிர்த்துவது. கழுத்தில் கோளாறு இருப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வாரம் கழுத்துப் பட்டையோடு ஆபீஸ் போனேன்.

யோக சிகிச்சை வேறு என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. சென்னையில் இதற்கு நல்ல வேர் உண்டு. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பல பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்து கற்றுக்கொடுத்தவர். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தகுந்தபடி யோகத்தை அமைக்க வேண்டும், யோகத்துக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பது அவர்கள் வழி. அந்த வழியில் பயின்ற ஒரு அம்மாவிடம் போனேன்.

முதல் நாள் ஆசனமே இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தார், நாடி பார்த்தார், கையைத் தூக்கச் சொல்லி எங்கே நின்றுபோகிறது என்று கவனித்தார். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரு தாளில் குச்சி மனிதர்களாக வரைந்து கொடுத்தார். மல்லாந்து படுத்து, முழங்கால்களைப் பிடித்து, மூச்சை விடும்போது வயிற்றை நோக்கிக் கொண்டுவரும் அபானாசனம், எட்டு தடவை. கடைசியில் உட்கார்ந்து மூச்சு: உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும், அதனால்தான் அதை நீட்டுகிறோம் என்றார். மாத்திரையை நிறுத்தவே கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். (உங்களுக்கும் இப்படி ஒரு தாள் கிடைத்தால் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது உங்கள் உடம்புக்கு எழுதியது.)

இரண்டாவது முறை போனபோது ஒரு கேள்வி கேட்டார். "வலி வந்ததுக்கப்புறம் எதை விட்டீங்க?"

"கோலம் மேடம்" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. குனிந்தால் கழுத்து இழுக்கிறது என்று மாமியார்தான் ஆறு மாதமாக வாசலில் போட்டுக்கொண்டிருந்தார்.

தாளின் அடியில் இன்னொரு குச்சி மனிதரை வரைந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கையில் சாய்த்துப் பிடித்த சிலேட்டு. "மூச்சை விடும்போது மட்டும் இழை நகரணும். உள்ளே வாங்கும்போது சாக்பீஸ் நிக்கணும். அவ்வளவுதான்."

ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று பதின்மூன்று புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டு வந்த கோலம், மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டது. மூச்சு தீர்ந்துவிட்டது. சாக்பீஸ் நின்ற இடமெல்லாம் சின்னச் சின்ன முண்டு. நாலைந்து நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது: புள்ளியைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மறுநாள் ஆபீஸில் கவனித்தால், தொகை கூட்டும்போதும் அதே பிடி. வருஷக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் மாதம் வாரம் ஒரு முறை போனேன், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஆசனங்கள் மாறின, வெளிமூச்சு எட்டுக்குப் போனது, சிலேட்டு மட்டும் மாறவில்லை. மூன்று மணி விழிப்பு இப்போதும் வாரம் ஓரிரு நாள் வரும். படுத்தபடியே அந்தப் பதின்மூன்று புள்ளியை மனசில் வைத்து இழையை நகர்த்துவேன். பல நாள் கோலம் முடிவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

மார்கழி பிறந்ததும் மணை போட்டு உட்கார்ந்து வாசலில் நானே போட்டேன். மாமியார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இழை தடிச்சிருக்கு. ஆனா எங்கேயும் நிக்கலைடீ" என்றார்.