பாறை மடுவுக்கு ஒரு பைக் பயணம்

மே 9, வெள்ளி

நாளை விடிவதற்குள் கிளம்புகிறோம். சாயங்காலம் முழுக்க வண்டியோடுதான் கழிந்தது. வழக்கமாக நான் மட்டும் ஓட்டும் வண்டி; நாளை பின்னால் நண்பன், கூடவே ஒரு பை. பின் டயரில் இருவருக்கான அளவுக்குக் காற்று ஏற்றினேன். பின் சஸ்பென்ஷனை ஒரு படி இறுக்கிவிட்டேன். செயினை மட்டும் இறுக்கிவிடாமல் கொஞ்சம் தொய்வாகவே விட்டேன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அது தானாகவே இன்னும் இறுகும்.

நண்பனுக்கு நீச்சல் தெரியாது. "நீ குளி, நான் கரையில உட்கார்ந்திருக்கேன்" என்கிறான். சிறு வயதிலிருந்தே தண்ணீர் என்றால் அவனுக்குப் பயம். ஆனாலும் வருகிறேன் என்றானே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மே 10, சனி, இரவு

தார் ரோடு முடிந்து ஜல்லி தொடங்கியதும் வேகம் பாதியானது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். ஜல்லியில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். நண்பன் வளைவுகளில் என்னோடு சேர்ந்தே சாய்ந்து வந்தான். பின்னால் இருப்பவர் அப்படி வந்தால் ஓட்டுபவருக்குப் பாதி பாரம் குறையும். கரையில் மண் இளகிக் கிடந்ததால், தட்டையான கல் ஒன்றை வைத்து அதன்மேல் சைடு ஸ்டாண்டைப் போட்டேன்.

அப்புறம் மடு. சின்ன அருவி, அது விழுந்து விழுந்து தோண்டிய ஆழம், அடி தெரிகிற தெளிவு. பக்கத்துப் பாறையில் வட்டமாக ஒரு குழி. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உரலின் உட்புறம் போல வழவழவென்று இருந்தது, அடியில் சில உருண்டைக் கற்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் சுழலில் கற்கள் சுற்றிச் சுற்றியே இப்படிப்பட்ட குழியைக் குடைகின்றன. அதில் ஒன்றை நண்பன் வெகுநேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான், பிறகு குழிக்குள்ளேயே போட்டுவிட்டான்.

இறங்குவதற்கு முன் தண்ணீர் தொடுகிற இடத்தில் அடையாளமாக ஒரு கல்லை வைத்தேன். அந்தக் கல் முழுக ஆரம்பித்தாலோ, தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே மேலே ஏறிவிட வேண்டும். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேலே எங்கோ பெய்த மழை ஆற்றோடு வந்து சேரும். ஆழத்தையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்பக்கூடாது: 4 அடித் தண்ணீர், மேலிருந்து நேராகப் பார்த்தால் 3 அடியாகத்தான் தெரியும். நீளமான கழியை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு பாறை விளிம்பு இருந்தது, கரையிலிருந்து அது தெரியவே இல்லை. வந்தவுடன் தலைகீழாகப் பாய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தண்ணீர் அப்படி ஒரு குளிர். இறங்கியதும் மூச்சு தானாகவே படபடவென்று இழுத்தது. பாறையைப் பிடித்தபடி அது அடங்கும்வரை நின்றேன். அருவிக்கு நேர் அடியில் போகவில்லை. அங்கே நுரையில் பாதி காற்று, உடம்பைத் தாங்காது.

வெயில் ஏறியதும் நண்பன் தானாகவே எழுந்து வந்தான். "இடுப்பளவு வரைக்கும்தான்" என்றான். சரி என்றேன். அருவியின் இழுப்பு இல்லாத ஓரமாகப் பார்த்து மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தேன். பயத்தில் தலையைத் தூக்கினான், உடனே கால் கீழே போனது. தலை மேலே போனால் கால் கீழே போகும், எல்லோருக்கும் அப்படித்தான். "காது நனையட்டும். மூச்சை இழுத்து நெஞ்சுல வை, வானத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கழுத்து இளகுவது கையில் தெரிந்தது. அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு. உள்ளங்கைகளை மெல்லக் கீழே இறக்கினேன். மிதந்தான்! எழுந்ததும், "கையை எடுத்துட்டியா?" என்றுதான் முதலில் கேட்டான். எடுத்துவிட்டேன் என்றதும், மறுபடியும் படுத்தான்.

மே 11, ஞாயிறு

செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன், அவ்வளவு புழுதி. மதியம் நண்பனிடமிருந்து போன். நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டானாம். கூடவே, அந்த மேல் பாறையிலிருந்து எப்போது குதிக்கலாம் என்றும் கேட்டான். முதலில் மடுவை நீந்திக் கடக்கட்டும். அதுவரைக்கும், அடுத்த முறை போகும்போது லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றேன். சம்மதித்திருக்கிறான்.