தடைக்காலத்துக்குள் ஒரு மென்பொருள்: பாம்பன் நாட்குறிப்பு

ஏப்ரல் 10

வேலை உறுதியாகிவிட்டது. தெற்குவாடியில் ஒரு நண்டுக் கொள்முதல் கடை. எடை, விலை, முன்பணம், பாக்கி எல்லாம் இதுவரை நோட்டில்தான். இனி கைபேசியில் வேண்டுமாம். "தடை முடியிறதுக்குள்ள முடிச்சிருங்க தம்பி" என்றார் முதலாளி. மீன்பிடித் தடையைச் சொல்கிறார்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கெடு தேடி நாம் அலைய வேண்டியதில்லை, அரசாங்கமே வைத்திருக்கிறது.

ஆனால் ஜூன் 15ஆம் தேதியே தொடங்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. விசைப்படகெல்லாம் கடலுக்குத் திரும்பிச் சரக்கு குவியும் நேரத்தில் புதுக் கருவியைக் கையில் கொடுத்தால், கணக்கர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டைத்தான் எடுப்பார். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. நண்டு குறைவாக வந்தாலும் வந்துகொண்டுதான் இருக்கும். மே கடைசியிலேயே அவர்களோடு ஆரம்பித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 16

இன்று முழுக்க எடை மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளி கேட்பது கலர் கலராக ரிப்போர்ட். கணக்கர் கேட்பது எடையும் தொகையும் போட்ட சீட்டு சீக்கிரம் வர வேண்டும். நண்டு கொண்டுவந்த அண்ணன் ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என் முன்பணத்துல இன்னும் எவ்வளவு நிக்குது?" அதற்கு நோட்டில் பின்னோக்கிப் பல பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. கணக்கர் விரலை நக்கி நக்கிப் புரட்டுகிறார், அண்ணன் ஈர லுங்கியோடு நின்றுகொண்டே இருக்கிறார்.

முதல் கட்டம் எது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சீட்டும் பாக்கியும். ரிப்போர்ட் பிறகு. இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய மிச்ச வேலை.

ஏப்ரல் 21

திட்டத்தாள் எழுதி முடித்தேன். அதில் எனக்குப் பிடித்த பக்கம் 'இப்போது செய்யாதவை'. ரிப்போர்ட், கம்பெனிக்கு அனுப்பும் பில், ஐஸ் செலவு, வேலையாள் சம்பளம். முதலாளி ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இந்தப் பக்கம் இல்லாத திட்டத்தாளை நான் நம்புவதில்லை.

நாள் கணக்குக்குப் பழைய முறைதான். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறை. நல்லபடியாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமானால் எத்தனை என்று மூன்று எண் எடுத்து, நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். நோட்டில் உள்ள பழைய பாக்கியை ஏற்றும் வேலைக்கு 3, 5, 13. விடை 6 நாள். விடையை விட அந்த 13தான் முக்கியம். எங்கே பயப்பட வேண்டும் என்று அது காட்டிவிடுகிறது, அதனால் அந்த வேலையை முதலில் வைத்தேன். எளிதானதை முதலில் முடித்துவிட்டு "பாதி முடிந்தது" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மே 2

"இன்னும் ரெண்டு பசங்களைப் போட்டா சீக்கிரம் முடியாதா?" முதலாளியின் மருமகன் கேட்டார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். அவரை எல்லாம் இழுக்கவில்லை. "வர்ற பசங்களுக்கு நண்டுக் கணக்கு யாரு சொல்லித் தர்றது, நீங்களா?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மே 9

நல்ல வேளை, இது இப்போதே தெரிந்தது. ஒவ்வொரு படகுக்கும் ஓர் இறங்குதுறை என்று தரவுத்தளத்தை அமைத்திருந்தோம். கணக்கர் பார்த்துவிட்டு, "கச்சான் காத்து பிடிச்சா தென்கடல்ல தொழில் பாக்க முடியாதே தம்பி, பாதிப் பேரு படகை வடகடலுக்குக் கொண்டு போயிருவாங்களே" என்றார். கச்சான் என்பது தென்மேற்குக் காற்று; தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. ஆக, துறை படகோடு ஒட்டியதல்ல, சீட்டோடு ஒட்டியது. இன்று ஒரு மணி நேர வேலை. ஜூலையில் தெரிந்திருந்தால் எடுத்த சீட்டை எல்லாம் திருத்த வேண்டியிருக்கும்.

வடகடல் பக்கத்துக்கும் இதே கைபேசிகள்தான் போகும். கரையில் சிக்னல் வரும், போகும். அதனால் சீட்டு முதலில் கைபேசிக்குள்ளேயே இருக்கும் எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறு தரவுத்தளத்தில் பதிவாகும், சிக்னல் வந்ததும் சர்வருக்கு ஏறும். இரண்டு கைபேசியில் ஒரே எண் விழாதபடி ஒவ்வொரு சீட்டுக்கும் தனி அடையாளம். எடை கிராமில், பணம் பைசாவில், எல்லாம் முழு எண். தசமத்தில் வைத்தால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டும்போதே கணினி 0.30000000000000004 என்று சொல்லும். முன்பணக் கணக்கில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மே 20

ஈரக் கை பட்டால் தொடுதிரை சொன்னபடி கேட்பதில்லை. பொத்தான்களைப் பெரிதாக்கி, எண் தட்டுவதைக் குறைத்தோம். அச்சுப் பொறியில் தமிழ் எழுத்துரு இல்லை, சீட்டைப் படமாக்கி அனுப்பினால் அச்சாகிறது. அது சூட்டில் அச்சாகும் தாள்; வெயிலில் கறுக்கும், நாளானால் எழுத்து மங்கும். அது தாளின் குணம், என்னால் ஆவது ஒன்றுமில்லை.

மே 28

நாட்டுப்படகுகளோடு சோதனை. நோட்டும் ஓடுகிறது, கைபேசியும் ஓடுகிறது, மாலையில் இரண்டையும் ஒப்பிடுகிறோம். சில சீட்டுகளில் தொகை இடித்தது. கடைசியில் கணக்கர் சொன்னார்: "அம்பது கிராமுக்குக் கீழன்னா விட்ருவோம்ல." இது எந்த நோட்டிலும் இல்லை, எந்தப் பேச்சிலும் வரவில்லை. நாளெல்லாம் கூட உட்கார்ந்து கேட்டாலும் இப்படிப்பட்டது வராது, ஓட்டிப் பார்த்தால்தான் வரும். விதியைச் சேர்த்தோம், சீட்டிலும் அச்சிட்டோம். விட்ட கிராம் எவ்வளவு என்று கொண்டுவந்தவருக்கும் தெரியட்டும். முதலாளிக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

ஜூன் 12

காப்புப் பிரதி எடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள், திரும்ப ஏற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. இன்று ஒரு கைபேசியை வேண்டுமென்றே முழுக்க அழித்து, கணக்கரையே மீட்கச் சொன்னேன். நான் கை வைக்கவில்லை. டீ ஆறுவதற்குள் எடுத்துவிட்டார்.

ஜூன் 18

விசைப்படகுச் சரக்கும் வரத் தொடங்கிவிட்டது. எடை மேசையில் ஒரே கைபேசி, வரிசை நீள்கிறது, அங்கே இன்னொன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளி மறுபடி ரிப்போர்ட் பேச்சை எடுத்தார். படகுக்காரர்கள் பாக்கியை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் எது முதலில் என்று திங்கட்கிழமை பேசுகிறோம். நான் வாட்ஸாப் பக்கம்.