உப்பிட்டவரை சைலன்சரும் நினைக்கும்

மார்ச் மாதம், காலை ஆறரை மணி. திறப்பைத் திருகினால் காருக்குள்ளிருந்து லான்ட்மாஸ்டர், அதுதான் ஊர் இரண்டுசில்லு உழவு இயந்திரத்தின், சத்தம். எதிர்வீட்டுத் திரைச்சீலை கொஞ்சம் விலகி மூடும். ஒருவரும் வாய் திறந்து ஏச மாட்டார்கள். அதுதான் கூடச் சுடும். ஊரென்றால் இதற்குள் ஒழுங்கையில் நாலு பேர் கூடி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள்.

குற்றவாளி உப்பு. கனடாவின் ஸ்காபரோத் தெருக்களில் பனிக்காலம் முழுக்கக் கொட்டுகிற உப்பு காரின் புகைக்குழாயை வெளியிலிருந்து தின்னும். உள்ளிருந்து தின்பது தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு மீன்கடைக்குப் போய்வருகிற ஓட்டத்தில் சைலன்சர் சூடேறாது, தண்ணீர் உள்ளேயே தேங்கிவிடும். ஆனையிறவு உப்பைக் கஞ்சியில் கரைத்துக் குடித்த எங்களுக்கு உப்பின் இந்தக் குணம் இங்கே வந்துதான் தெரிந்தது.

முதலில் காதால் பாருங்கள். பின்னாலிருந்து 'பொம்' என்று கனத்த சத்தம் வந்தால் சைலன்சர் ஓட்டை. காலுக்கடியில் கரகரத்தால் நெளிகுழாய், அதாவது எஞ்சின் அதிர்வுக்கு வளைந்து கொடுக்கிற துண்டு, கிழிந்திருக்கும். எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று தட்டி, சூடேறியதும் குறைந்தால் மனிஃபோல்ட் காஸ்கெட், அதாவது எஞ்சினும் புகைக்குழாயும் சேருமிடத்து அடைப்புத் தகடு, போய்விட்டது. அதை மெக்கானிக்கிடம் விடுவதே புத்தி. தகரம் அதிர்கிற சத்தம் மட்டுமென்றால் வெப்பத் தகடு கழன்றிருக்கும், ஒரு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போதும். இரவுவரை அமைதியாக இருந்தது விடியக் கர்ச்சித்து, நடுக்குழாயில் வெட்டு பளபளத்தால் அது துருவல்ல. புகையைச் சுத்தமாக்குகிற கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைத் திருடர் கொண்டுபோய்விட்டார்கள். பொலிசுக்கும் காப்புறுதிக்கும் சொல்லுங்கள்.

குளிருக்குப் பயந்து கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம், கதவு திறந்திருந்தாலும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் நுழையவும் வேண்டாம். சமதளத்தில், பனிக்கட்டி இல்லாத இடத்தில், காரைத் தாங்குகிற ஸ்டாண்ட் இரண்டு வைத்து, ரயருக்குக் கட்டை கொடுங்கள்.

எஞ்சின் ஆறியபின், ஊதும் வசதியுள்ள வக்கியூமின் குழாயைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிட்டு, சவர்க்காரத் தண்ணீரைப் பொருத்துகளில் தெளியுங்கள். நுரை கொப்பளிக்கிற இடம் ஓட்டை. சுற்றிலும் கரிப்பொட்டு இருந்தால் சந்தேகமே இல்லை.

சின்ன ஓட்டையென்றால் கம்பித்தூரிகையால் வெள்ளி தெரியத் தேய்த்து, புகைக்குழாய்ப் பசை பூசி, மேலே அதற்கான பட்டியைச் சுற்றலாம். நெளிகுழாயில் பசை நில்லாது, அது எப்போதும் ஆடுகிறது. குழாய் அறுந்திருந்தால் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவில் இணைப்புக்குழாய் வாங்கி, இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலமாவது ஏறவிட்டுக் கிளாம்ப் போடுங்கள். சைலன்சரைத் தாங்குகிற றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் வழுக்கிக் கழலும்.

ஆனால் இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. நாளைத் தின்பது போல்ட். உப்பில் ஊறிய போல்ட்டுக்குத் தலையே இருக்காது, துருக் கட்டிதான் இருக்கும். துருவிளக்கி எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு, காலையில் இன்னொருதரம் விடுங்கள். பன்னிரண்டு முனைச் சொக்கெட் வழுக்கிவிடும். ஆறு முனையுள்ளதைப் போட்டு, கழற்ற முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள், துருப்பிடி உடையும். அப்படியும் அசையாவிட்டால் இரும்பறுக்கிற வாளால் அறுங்கள். பெற்றோல் குழாய் பக்கத்தில் ஓடுகிற இடத்தில் நெருப்பு காட்டவே வேண்டாம். புதுப் போல்ட்டின் புரியில், துருவில் இறுகிப்போகாமல் காக்கிற கிரீஸ் பூசினால் அடுத்த பனிக்குப் பிறகு கும்பிடுவீர்கள்.

இந்த ஊர் பழகிவிட்டதென்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடினவே, அந்தச் சத்தத்துக்கு ஒரு திரைச்சீலையும் விலகவில்லை. இங்கே ஒன்றாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு நல்ல நிலையில் சைலன்சர் கேட்கிறது.

நூறு கிலோமீற்றர் ஓடியபின் கிளாம்பை மறுபடி இறுக்குங்கள். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி அது தளர்ந்திருக்கும்.