ஆயாவுக்கு ஆரணிப் பட்டு, நைனாவுக்குக் குடியாத்தம் கைலி: கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் தைத்த அனுபவம்

தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் என் தையல் மெஷின் என்னுடையது இல்லை, தெருவுடையது. ஜாக்கெட், பாவாடை, சுடிதாருக்கு ஓரம் அடிப்பது என்று வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் வந்துவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் மெஷின் சும்மா நிற்கும். இந்த வருஷம் அந்த இடைவெளியில், வீட்டில் உள்ளவர்களுக்கும் நெருங்கிய சிநேகிதிகளுக்கும் ஆளுக்கொரு ஸ்டாக்கிங், அதாவது கிறிஸ்துமஸுக்குப் பரிசு போட்டுத் தொங்கவிடும் பெரிய காலுறை, தைத்து, பலகாரமும் சின்னச் சாமானும் போட்டுக் கொடுப்பது என்று ஆரம்பித்தேன். வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கடையில் கிடைக்கும் சிவப்பு வெல்வெட், வெள்ளைப் பஞ்சு மடிப்பு வைத்த ஸ்டாக்கிங் எனக்கு ஒட்டவே இல்லை. அதில் பெயரைப் பிரின்ட் போட்டுக் கொடுக்கிறார்கள், ஆனால் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எனக்கு வேண்டியது, பெயரைப் பிரித்து எடுத்தாலும் இது இன்னாருடையது என்று தெரிகிற ஒன்று. அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவர் ஸ்டாக்கிங்கிலும் அவர் உடுத்திய துணியோ, அவர் கைபட்ட பொருளோ இருக்க வேண்டும். மற்றதெல்லாம் லாங் பஜாரில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் வந்த கதையும் நம் ஊர்க் கதை போலத்தான் இருக்கும். நான்காம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரில் நிக்கொலாஸ் என்று ஒரு பிஷப் இருந்தார். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. மூன்று பெண்களைப் பெற்ற ஓர் ஏழை, சீதனம் கொடுக்க வழியில்லாமல் தவிக்க, இவர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனாராம். பிற்காலத்தில் சொன்னவர்கள், அது காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பொன்னுக்குப் பதிலாகத்தான் இன்றும் ஸ்டாக்கிங் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் போடுகிறார்கள் என்பார்கள். டச்சுக்காரப் பிள்ளைகள் காலுறைக்குப் பதில் டிசம்பர் 5 ராத்திரி ஷூவை எடுத்து வைப்பார்கள். வட ஆற்காட்டில் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்க சபை டச்சுக்காரர் வழி வந்தது. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பின்னால் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பின. டச்சுப் பிள்ளைகளின் ஷூவுக்கும் நம் ஊர் ஷூவுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது, எனக்கு நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மேல்நாட்டில் ஸ்டாக்கிங்கைப் புகைபோக்கிப் பக்கம் மாட்டுவார்கள். நம் வீட்டில் புகைபோக்கி ஏது? ஜன்னல் கம்பிதான். கதைப்படி பார்த்தால் அதுதான் சரியான இடமும்.

முதல் வேலை பேட்டர்ன். பிரவுன் ஷீட்டில் வரைந்தேன். மேலிருந்து குதிகால் அடிவரை 17 அங்குலம், வாய் ஏழரை அங்குலம், குதிகாலிலிருந்து விரல் நுனி 10 அங்குலம். எல்லாம் தையல் மார்ஜின் சேர்க்காத அளவு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று கணுக்கால் பக்கம் இடுப்பு மாதிரி ஒடுக்கி வரைகிறார்கள். அது படத்துக்குச் சரி. கையைவிட்டுப் பொருள் எடுக்க வேண்டுமே! ஆறு அங்குலத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது, குறைத்தால் ஆரஞ்சு நுனிக்குப் போகாமல் குதிகாலிலேயே உட்கார்ந்துவிடும். வெளித்துணிக்குச் சுற்றிலும் அரை அங்குலம் மார்ஜின். லைனிங்கையும் அதே பேட்டர்னில்தான் வெட்டுகிறேன், ஆனால் தைக்கும்போது அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளி அடிக்கிறேன். அப்படிச் செய்தால்தான் லைனிங் உள்ளே சுருங்கி மடியாமல் உட்காரும்.

பாட்டியை நாங்கள் ஆயா என்போம். ஆயாவுடையதில் ஆரம்பித்தேன். அவருடைய ஆரணிப் பட்டு ஒன்று, அரக்கு நிறம், மடிப்பு வாக்கில் நைந்து பீரோவில் கிடந்தது. கேட்டதும், "கிழிஞ்சதுதானே, வெட்டிக்கோடி" என்று கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கத்தரி போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பட்டு ஏமாற்றும். விரித்தால் நன்றாக இருப்பது போலத் தெரியும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கோடு கோடாக வாய் பிளந்திருக்கும். நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) வைத்து அயர்ன் செய்தேன். பட்டின் மேல் நேராக அயர்ன் பெட்டி படக்கூடாது, வெள்ளைக் காட்டன் துணி ஒன்றைப் போட்டு அழுத்த வேண்டும். ஜரிகை பிளாஸ்டிக் கலந்ததாக இருந்தால் சூட்டில் சுருண்டுகொள்ளும். ஃபியூசிங் ஒட்டியதும் நைந்த பட்டு காகிதம் மாதிரி விறைப்பாகி, 11-ம் நம்பர் ஊசிக்கு அருமையாகக் கொடுத்தது. முந்தானை ஜரிகையை மேல் மடிப்புக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

தைத்து முடித்துத் திருப்பிக் காட்டியதும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "ஒத்தைக் கால் மேஜோடா? இன்னொண்ணு எங்கடி?"

நைனாவிடம், அதாவது அப்பாவிடம், கைலி கேட்டபோது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. "இப்பத்தான் அது மெத்துனு ஆயிருக்கு, அதையா கேக்கற?" என்றார். குடியாத்தம் கைலி கட்டுகிறவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். புதுசில் கஞ்சி விறைப்பு, துவைக்கத் துவைக்கத்தான் உடம்போடு படியும். கடைசியில் ஒரு நீலக் கட்டம் போட்டதை, புதுக் கைலி வாங்கித் தருகிறேன் என்ற ஒப்பந்தத்தின் பேரில் விட்டுக்கொடுத்தார்.

கட்டம் போட்ட துணியில் உள்ள வேலை பக்கத்துத் தையலில் கோடு கோட்டோடு சேருவதுதான். துணியை இரண்டாக மடித்து ஒன்றாக வெட்டினால் அடியில் உள்ளது நகர்ந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் வெட்டி, அதை மீதித் துணியின் மேல் கோட்டுக்குக் கோடு வைத்து, ஒவ்வொரு கோட்டிலும் குண்டூசி குத்தி, அப்புறம் இரண்டாவதை வெட்டினேன். நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வலது காலாகவே வந்து நிற்கும். அடர்ந்த நிறக் கைலியாக இருந்தால் ஈர வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அயர்ன் செய்து பாருங்கள். சாயம் ஏறினால் அதோடு வெள்ளை லைனிங் வைக்க வேண்டாம். நைனாவுடையது அத்தனை துவைப்பு பார்த்தது, விட ஒன்றும் பாக்கியில்லை.

வெட்டுத் துணியைத் தைத்த பிறகு, திருப்புவதற்கு முன்னால் செய்யும் ஐந்து நிமிஷ வேலையில்தான் மொத்த உருவமும் இருக்கிறது. கணுக்கால் முன்பக்கம் உள்வளைவு. அங்கே தையலுக்கு ஒரு நூல் இடம் விட்டு நேர்வெட்டாகக் கட் கொடுக்க வேண்டும். விரல், குதிகால் இரண்டும் வெளிவளைவு. அங்கே முக்கோணமாகத் துணியையே எடுத்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டினால், திருப்பியதும் விரல் பக்கம் மார்ஜின் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சு முடிச்சாகத் தெரியும். வளைவில் மட்டும் தையலை நெருக்கமாக வைத்துக்கொள்கிறேன், கட் கொடுத்த இடம் பிரியாது.

தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் துணியைவிட அவன் வேலையைத்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. கழிவு விலைக்கு விற்கும் வெட்டுத் துண்டுகளில் பழுப்பு நிற ஸ்வேட் தோல் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதைக் குதிகாலிலும் விரல் நுனியிலும் ஒட்டுப்போட்டேன். தோலில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், ஆகவே காயப்போடும் கிளிப். ஊசி லெதருக்கென்று விற்கும் 16-ம் நம்பர், முனை வெட்டுகிற மாதிரி இருக்கும். தையலைத் துணிக்கு அடிப்பது போல நெருக்கமாக அடித்தால் தபால் தலை ஓரம் போல வரிசையாகத் துளை விழுந்து, இழுத்ததும் கிழிந்து வந்துவிடும். நாலு மில்லிமீட்டர் நீளத்துக்கு வைத்து, ரிவர்ஸ் எடுக்காமல், நூலைப் பின்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போட வேண்டும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட் தோலில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால், மேலே பட்டர் பேப்பர் வைத்து அடித்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். என் கறுப்பு மெஷின் மிதி மெஷின்தான், ஸ்வேட்டை ஒரு முனகல்கூட இல்லாமல் தாண்டிப் போயிற்று. "கம்பெனியில இதுக்குன்னு தனி மெஷின் இருக்குக்கா" என்று தம்பி சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

இனி பெயர். ஞானஸ்நானப் பெயர் யாருக்கும் போடவில்லை, கூப்பிடும் பெயர்தான். ஆயா, நைனா, சின்னத்தை, அம்மு. ஒன்றரை அங்குல உயரத்தில் தமிழ் எழுத்து. இதில் எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு: தமிழ் எழுத்துக்குச் சங்கிலித் தையலை விட்டால் வேறு இல்லை. சாட்டின் தையல் கொழுக்க வைத்து நிரப்பினால் 'ஆ'வின் உள்சுழியும் 'ணை'யின் சுழிகளும் அடைந்துபோய் ஒரே திட்டாகிவிடும். சங்கிலித் தையல் பேனா போகிற வழியிலேயே போகும், வளைவில் கண்ணியைச் சின்னதாக்கினால் போதும். ஆறு இழை நூலில் மூன்று இழை பிரித்துக்கொண்டேன். மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு. அம்முவின் 'ம்'முக்கு மட்டும் முடிச்சுக்குப் பதில் சிவப்பு மணி ஒன்று வைத்தேன், அவளுக்கு ஆறு வயசு, மணிதான் பிடிக்கும்.

எழுத்தைத் துணியில் ஏற்ற, கொக்கி ஊசியால் ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர்கள் வழிதான் எனக்குக் கைவந்தது. பட்டர் பேப்பரில் எழுதி, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளைத்து, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கியிருக்கும். வெளிர் துணிக்குப் பவுடரில் கொஞ்சம் நீலம் கலந்தால் தெரியும்.

பெயரை எப்போது போடுவது என்பதும் முக்கியம். மேல் மடிப்புப் பட்டி தனியாகத் தட்டையாக இருக்கும்போதே எம்பிராய்டரி முடித்துவிட வேண்டும், வளையமாக மூட்டிய பிறகு ஃபிரேம் பிடிக்காது. அந்தப் பட்டி உள்பக்கமாக வைத்துத் தைக்கப்பட்டு, வெளியே மடிந்து விழும். அதனால் பெயரின் தலைப்பக்கம் வாய்த் தையலை நோக்கியும் கால்பக்கம் தொங்கும் ஓரத்தை நோக்கியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டியையும் குண்டூசியால் நிறுத்தி, மடித்துப் பார்த்து, மேல் எது கீழ் எது என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் நூல் கோக்கிறேன்.

தொங்கவிடும் காதுதான் எல்லோரும் அலட்சியமாக விடும் இடம். ரிப்பனை ஒட்டவைத்து முடித்துவிடுகிறார்கள். ஆறு அங்குல நீளத் துணிப்பட்டியை நாலாக மடித்து இரண்டு ஓரமும் அடித்து, குதிகால் பக்கத் தையல் மேலேயே, லைனிங்கும் வெளித்துணியும் மேல் மடிப்பும் சேருகிற இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அடித்தேன். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, உள்ளே ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இந்தச் சோதனையில் தேறியதுதான் டப்பாவுக்குள் போகிறது.

உள்ளே என்ன போடுவது என்று பட்டியலும் போட்டாயிற்று. நுனியில் ஆளுக்கொரு கமலா ஆரஞ்சு, அதில் மாற்றமில்லை. அதன்மேல் கல்கல் என்ற பொரித்த இனிப்பு, சின்ன ஜிப் கவரில். அச்சு முறுக்கு இதற்குத் தோதுப்படாது, ஒரு தட்டு தட்டினால் தூள். அதிரசத்தைப் பட்டர் பேப்பரில் சுற்றினாலும் எண்ணெய் கசியும் என்பதால் ஆயாவின் பட்டுக்கு அது இல்லை, நைனாவின் கைலிக்கு உண்டு. ஆற்காடு மக்கன் பேடா கேட்டவர்களுக்கு ஜீராவோடு தனிப் பாத்திரத்தில்தான்.

இன்றைய நிலவரம்: ஆயா, நைனா, தம்பி, அம்மு முடிந்தது. சின்னத்தைக்கு வெளித்துணி தைத்தாயிற்று, லைனிங் பாக்கி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சிநேகிதியிடம் பழைய யூனிஃபார்ம் ஒன்று கேட்டிருக்கிறேன். அதன் பாக்கெட்டை வெட்டாமல் அப்படியே வெளியே தெரிகிற மாதிரி வைத்து, பேனா சொருக விடலாம் என்று எண்ணம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, துவைத்த துணி காய்வதுதான் தாமதம். பக்கத்து பாய் வீட்டுப் பாப்பாவும் வந்து பார்த்துவிட்டு, பழைய ரம்ஜான் பாவாடை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். உள்பாவாடையோடு சேர்த்து மினுமினு நெட் துணி, ஊசி வைத்தால் வழுக்குகிறது. அதற்கு அடியில் காட்டன் வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். ஆயாவின் யோசனையைக் கேட்டு அவளுக்கு மட்டும் ஜோடியாகவே தைக்கிறேன். கேரல் ரவுண்ட் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.