தொடாமல் இருந்த 40 நாள்

என் நாய் செவலைக்கு முன்னங்கால் ஒன்றுதான். இடது காலைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். யாரோ கட்டையால் அடித்து எலும்பு நொறுங்கி, காப்பகத்துக்கு வந்து சேர்வதற்குள் சீழ் பிடித்து, வேறு வழியில்லாமல் போய்விட்டது. தத்தெடுக்கலாமா என்று பார்க்கப் போன அன்று நான் கேட்டதெல்லாம் அந்தக் காலைப் பற்றித்தான்: படி ஏறுவானா, வலி இருக்குமா, மற்ற நாய்களோடு ஓடுவானா. அவனைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியாக, "கால் இல்லாதது அவனுக்கு எப்பவோ பழகிடுச்சு, மனுஷங்க கைதான் இன்னும் பழகல" என்றார்.

முதல் நாள் இரவே அதைப் பார்த்துவிட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தான். விளக்கை அணைக்கக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான், கிடந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். உறுமவில்லை, எழுந்து ஓடவும் இல்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்த முகம் இன்று வரை எனக்கு மறக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு சாதுவா இருக்கு" என்றார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: அடிபட்ட நாய் அப்படி அசையாமல் கிடந்தால் அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுவது, எதிரில் சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, இதெல்லாம் கிட்ட வராதே என்று அது கெஞ்சுவது. அந்த நேரத்தில் பாசத்தோடு குனிந்து தலையைத் தடவப் போகிறவரைத்தான் அது கடிக்கும், பிறகு பழி முழுக்க நாயின் மேல் விழும்.

இந்த நிலையைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு, படிக்கவே மனசு கஷ்டப்படும். 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் தப்பிக்க வழியே இல்லாமல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அப்புறம் எளிதாகத் தாண்டக்கூடிய தடுப்பு இருந்த பெட்டியில் விட்டபோதும் அவற்றில் பல தாண்ட முயலாமல் அப்படியே படுத்துக்கொண்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்ற கையறுநிலையை இவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அன்று விளக்கம் சொன்னார்கள். ஏறக்குறைய 50 வருடம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்து அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் துவண்டு போவது இயல்பாகவே உள்ளே இருப்பதுதான், நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வழி தெரிந்தது. செவலை எதையாவது செய்ய வேண்டும், அதனால் ஏதாவது மாற வேண்டும், அதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால் நான் அவனைத் தொடவில்லை. தினமும் மாலையில் அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டுகளைப் பின்பக்கம் போட்டுவிட்டு எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். அவன் முகத்தைத் திருப்பினால் எழுந்து போய்விடுவேன், அடுத்த நாள்தான் மறுபடியும். வேண்டாம் என்று அவன் சொன்னது இந்த வீட்டில் செல்லும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். 41-ஆம் நாள் என் முழங்கையில் ஈரமான மூக்கு பட்டது. நான் திரும்பவில்லை. அழுதேன், ஆனால் திரும்பவில்லை. இப்போதும் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன், அவன் மேலே சாய்ந்தால் தொடர்வேன், சாயாவிட்டால் விட்டுவிடுவேன்.

நடுவில் ஒரு பெரிய தவறும் நடந்தது. இரண்டாவது வாரம் வாசலில் கதவு படாரென்று சாத்த, அவன் பின்னால் இழுத்த வேகத்தில் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிட்டது. மூன்று காலில் என்ன ஓட்டம் ஓடிவிடப் போகிறான் என்று யாரும் நினைக்காதீர்கள், கண்ணிலிருந்து மறைய அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன், அதைச் செய்யவே கூடாது, துரத்தினால் பயந்த நாய் இன்னும் தூரம் போகும். இரண்டு இரவு கழித்து, நான் தரையில் உட்கார்ந்து காத்திருந்த இடத்துக்குச் சாப்பாட்டு வாசனை பிடித்து அவனாகவே வந்தான். அதற்குப் பிறகு இரண்டு கயிறு: ஒன்று இழுத்தால் இறுகும் பட்டையில், இன்னொன்று மார்புப் பட்டையில்.

காலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாயின் எடையில் 60 சதவீதம் போல முன்னங்கால்களில்தான் இறங்கும், இவனுக்கு அதைத் தாங்க ஒரே கால், அதனால் உடம்பு ஏறவிடக் கூடாது. வழுக்கும் தரையில் பாய் விரிக்க வேண்டும், நகத்தை வளரவிடக் கூடாது.

மற்ற குறைகளும் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கும் அளவுக்குப் பயங்கரமானவை இல்லை. காது கேட்காத நாய் கைச்சைகையை அழகாகப் புரிந்துகொள்ளும், தூங்கும்போது மட்டும் திடீரென்று தொட்டு எழுப்பாதீர்கள். கண் தெரியாத நாய்க்கு மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எஃப்.ஐ.வி. (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) உள்ள பூனைகளை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குக் கோபமே வரும். 1986-இல் கண்டுபிடித்த அந்தக் கிருமி பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பூனைக்குப் பூனை பரவும், மனிதருக்கு வரவே வராது, பல பூனைகள் அதோடு பல வருடம் நன்றாக வாழ்கின்றன. தள்ளாடி நடக்கும் பூனைக்குட்டி இருக்கிறதே, தாய் வயிற்றில் இருக்கும்போது வைரஸ் தாக்கிச் சிறுமூளை சரியாக வளராததால் வருவது, அதனால் வலியும் இல்லை, நாளாக ஆக மோசமாவதும் இல்லை.

பின்பாதி செயலிழந்த நாய் வேறு விஷயம். சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்தி தினம் மூன்று நான்கு தடவை காலி செய்ய வேண்டியிருக்கும், விட்டால் தொற்று வரும், புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். நாள் முழுக்க வெளியில் இருப்பவர்கள் முடியாது என்று சொல்லிவிடுவதே அந்த நாய்க்கு நல்லது. பயந்த நாயை ஓடியாடும் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போவதற்கு முன்பும் நிறைய யோசியுங்கள். பரிதாபப்பட்டு எடுத்துப் போய் ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டு வந்து விட்ட நாய்களைக் காப்பகத்தில் பார்த்திருக்கிறேன். வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்.

செவலை வந்து இரண்டு வருடம் ஆகிறது. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் இன்றும் எழுந்துவிடுவான். முன்பெல்லாம் கட்டிலுக்கு அடியில் பாய்வான், இப்போது நடந்து அடுத்த அறைக்குப் போகிறான். பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மூலையில் சாத்திய சத்தம் கேட்டதும் அதே வேகத்தில் திரும்பி வந்து, விட்ட இடத்தில் படுத்துக்கொள்கிறான்.