இரண்டு விநாடி மூச்சு

ஆகஸ்ட் 4

ஆடியோ கேட்டு எழுத்துப்படி எடுப்பது என் பிழைப்பு. அதனால் யாராவது ஒரு துண்டை அனுப்பி "இந்த இடத்தில் என்ன சொல்கிறான், கேளேன்" என்றால் விட மனசு வராது. இன்று நண்பர் அனுப்பியது நியூசிலாந்தில் பதிவான ஒரு 111 அழைப்பு, அதாவது அந்நாட்டு அவசர எண்ணுக்கு வந்த போன். 1994 ஜூன் 20 காலை, டுனீடின் நகரின் எவ்ரி தெருவில் ஒரு வீடு. அப்பா, அம்மா, இரண்டு மகள்கள், இளைய மகன் என ஐந்து பேரும் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். பேப்பர் போட்டுவிட்டு வீடு திரும்பியதாகச் சொன்ன மூத்த மகன் டேவிட் பெய்ன்தான் போன் செய்கிறார். வயது 22. "எல்லாரும் செத்துட்டாங்க, நான் வீட்டுக்கு வந்தேன், எல்லாரும் செத்துட்டாங்க." மூச்சிரைப்புக்கு நடுவில் திரும்பத் திரும்ப இதே வார்த்தைகள்.

நண்பர் செய்த ஒரே தப்பு, ஆடியோவோடு ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பியது: "நடுவில் 'ஐ ஷாட் த ப்ரிக்' என்று வருகிறது, கவனி." அந்த ஆளைச் சுட்டுட்டேன் என்று வசவோடு சொல்வது. குறிப்பைப் படித்த பிறகுதான் ஹெட்போனை மாட்டினேன். கேட்டது. அட்சரம் பிசகாமல் கேட்டது.

ஆகஸ்ட் 5

வழக்கைக் கொஞ்சம் படித்தேன். 1995இல் ஐந்து கொலைகளுக்கும் டேவிட் குற்றவாளி என்று தீர்ப்பு. 2007இல், இந்த வழக்குக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. 2009இல் கிரைஸ்ட்சர்ச்சில் மறுவிசாரணை, விடுதலை. நால்வரைச் சுட்டுவிட்டு அப்பாவே தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது டேவிட் தரப்பு வாதம்.

என்னை உறுத்துவது வேறு. முதல் விசாரணையில் இந்த வாக்கியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுவிசாரணைக்குத் தயாராகும்போதுதான் ஒரு போலீஸ் அதிகாரியின் காதில் அது விழுகிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நேற்று எனக்கும்தானே கேட்டது.

ஆகஸ்ட் 7

ராத்திரி, பேச்சொலியைப் படமாக விரித்துக் காட்டும் ப்ராட் மென்பொருளில் அந்த இரண்டு விநாடியை விரித்துப் போட்டேன். பழைய தொலைபேசி லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்', 'ஃப்' மாதிரி சீறல் ஒலிகளின் பலம் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் லைனிலேயே வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சுவது வெறும் சீறல். இரைத்து இரைத்து விடும் மூச்சும் சீறல்தான். 'ஷாட்' என்பதன் 'ஷ்' என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இடம் திரையில் ஒரு சாம்பல் தீற்றல். பக்கத்தில் ஒரு மூச்சு, அதுவும் சாம்பல் தீற்றல். எது எது என்று என் கண்ணால் பிரிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் நியூசிலாந்துக்காரர்களின் 'இ' நம் 'இ' கிடையாது. 'ஃபிஷ்' என்பதை 'ஃபஷ்' என்று சொல்வதாக ஆஸ்திரேலியர்கள் கேலி செய்வார்கள். அப்படியிருக்க, 'ப்ரிக்' என்று நம் உச்சரிப்பிலேயே அவ்வளவு சுத்தமாக எனக்குக் கேட்டது எப்படி?

ஆகஸ்ட் 8

யாரிடமும் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டலாம் என்று தங்கையைக் கூப்பிட்டேன். கேட்டாள். "ஷாட்னு வருதோ?" என்றாள். எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். கோப்புக்கு நான் வைத்திருந்த பெயர் 'ஷாட்-லூப்-2'. கொட்டை எழுத்தில். தலையில் அடித்துக்கொண்டேன்.

பெயரை மறைத்துவிட்டு அலுவலகத் தோழிக்குப் போட்டேன். மூன்று முறை கேட்டுவிட்டு, "யாரோ ஓடி வந்து மூச்சு வாங்கறாங்க, அவ்வளவுதான்" என்றாள். சரி, இரண்டு பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

ஆகஸ்ட் 11

நான் கோமாளித்தனமாகச் செய்ததை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஒலியியலாளர் ஹெலன் ஃப்ரேசரும் இரண்டு சகாக்களும் இதே பதிவைப் பலருக்குப் போட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதுவும் சொல்லாமல் போட்டபோது சர்ச்சைக்குரிய அந்த வாக்கியம் யாருக்கும் தானாகக் கேட்கவில்லை. பலருக்குக் கேட்டது 'ஐ கான்ட் ப்ரீத்', மூச்சு விட முடியவில்லை என்று. வாக்கியத்தை எடுத்துக் கொடுத்ததும் ஒரு பகுதியினருக்கு அது கேட்க ஆரம்பித்தது. ஒருமுறை கேட்டவர்களுக்கு அது லேசில் விலகவும் இல்லை.

இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். ப்ரிக், ப்ரீத். ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் முதல் ஒலி நம் எழுத்தில் ஒரே 'ப்'. அது எந்த 'ப்' என்பதைப் படிப்பவர்தான் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டும். இரைச்சலான பதிவில் காதும் அந்த வேலையைத்தான் செய்கிறது, நம்மிடம் கேட்காமலே. பாட்டு வரியைத் தப்பாகவே பாடித் திரிந்துவிட்டு, அச்சில் பார்த்த நாளிலிருந்து சரியாகக் கேட்குமே, அதே கதை. பாட்டென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே ஜூரி உட்கார்ந்திருக்கிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் துண்டை ஜூரியிடம் போட அனுமதித்திருந்தது. 2009இல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. நிபுணர்களாலேயே அது பேச்சா, மூச்சா என்று அறுதியிட முடியாதபோது ஜூரியை ஊகிக்க விடக்கூடாது என்பதே சாரம். விடுதலைக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகஸ்ட் 13

இன்று கோபம். அமெரிக்காவில் அவசர எண்ணான 911க்கு வரும் அழைப்பை வைத்தே 'கூப்பிட்டவன்தான் கொலைகாரனா' என்று கணிக்கும் ஒரு முறை இருக்கிறது. வெறும் 100 அழைப்புகளை வைத்துப் போட்ட பட்டியல், 2008இல் எஃப்பிஐயின் சஞ்சிகையிலேயே வந்தது. 'ஹா?' என்று திருப்பிக் கேட்டால் சந்தேகத்துக்கு ஒரு புள்ளி, மரியாதையாகப் பேசினால் இன்னொரு புள்ளி. பிற்பாடு எஃப்பிஐ நிபுணர்களே இதை நம்ப வேண்டாம் என்றார்கள். ஆனாலும் போலீசுக்கு வகுப்பெடுத்தார்கள், வழக்குகளில் பயன்படுத்தினார்கள் என்று 2022இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இலக்கணம் யார் எழுதினார்கள்?

ஆகஸ்ட் 16

கடைசியாக ஒருமுறை போட்டேன். 'ஐ கான்ட் ப்ரீத்' என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அது வரவில்லை. நண்பர் எழுதியனுப்பியதே மறுபடியும் வந்தது.

எங்கள் தொழிலில் சந்தேகமான இடத்தில் ஊகித்து எழுதக்கூடாது. நண்பருக்கு அனுப்ப வேண்டிய எழுத்துப்படியில் அந்த இடத்துக்கு இப்படிப் போட்டேன்: (மூச்சிரைப்பு. தெளிவில்லை.)