பட்டறையில் ஒரு பாறு

ஜூலை 24, 2025, வியாழன். ஆடி அமாவாசை

முதல் பஸ்ஸிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீரவநல்லூரிலிருந்து கிளம்பி அருகன்குளம் ஜடாயு துறைக்குப் போனேன். அப்பா தவறிய பிறகு இது நாலாவது ஆடி அமாவாசை. ராவணனிடம் சிறகு வெட்டுப்பட்டுச் செத்த ஜடாயுவுக்கு ராமர் எள்ளும் தண்ணீரும் இறைத்த இடம் இது என்பார்கள். பெற்ற தகப்பனுக்குச் செய்வதை ஒரு பறவைக்குச் செய்திருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் இன்றைக்கும் இவ்வளவு கூட்டம்.

தர்ப்பணம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது அம்மா வானத்தைப் பார்த்தாள். காக்கா மட்டும்தான். "உங்க அப்பா சின்னப் பிள்ளையா இருக்கையில செத்த மாட்டைப் பொட்டல்ல கொண்டு போட்டா, பாறு வந்து இறங்குமாம். மறுநா எலும்புதான் கிடக்குமாம்" என்றாள். எனக்கு 36 வயதாகிறது. பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கேட், கிரில் வேலைக்கு நடுவில் இதுவரை இரும்பில் மூன்று மிருகம் செய்திருக்கிறேன். முதலில் அழுங்கு, அதாவது செதில் போர்த்திய எறும்புதின்னி. அதன் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் ஆனது. மருந்து என்று சொல்லி அதற்காகவே கொல்கிறார்கள் என்று தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஆரம்பித்தது அது. அப்புறம் வரையாடு, சோலையில் வெடிப்பலாப் பழம் தின்னும் சிங்கவால் குரங்கு. அவை இரண்டும் நம் களக்காடு முண்டந்துறை மலைப்பக்கம் இன்னும் இருக்கின்றன. பாறு அப்படி இல்லை. இனி அதைத்தான் செய்ய வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

பேட்டை பழைய இரும்புக் கடையில் பாதி நாள் போனது. எடுத்தது: லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று (அலகுக்கு), நசுங்காத எண்ணெய் பேரல் இரண்டு (இறகுக்கு), பைக் செயின் ஒரு சாக்கு, பழைய கம்பி வடம் நாலு அடி. எதை எங்கே வைப்பது என்று அங்கேயே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். வெண்முதுகுப் பாறு இறக்கையை முழுசாக விரித்தால் ஏறக்குறைய ஏழு அடி வரும். அந்த அளவிலேயே செய்யப் போகிறேன். சின்னதாகச் செய்தால் ஷோகேஸ் பொம்மை ஆகிவிடும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா சித்திரான்னம் கட்டிக்கொடுத்து, மாட்டாஸ்பத்திரி சாருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். ரிட்டையர் ஆகி வருஷக்கணக்கில் ஆகியும் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். பாறு செய்கிறேன் என்றதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"டைக்ளோஃபெனாக் ஊசி தம்பி. வீக்கம், வலி, காய்ச்சல், எல்லாத்துக்கும் அதான். விலையும் மலிவு. போட்ட ஒரு மணி நேரத்துல மாடு எந்திரிச்சு நிக்கும். நானே எத்தனை மாட்டுக்குப் போட்ருக்கேன், கணக்கே கிடையாது."

ஊசி போட்ட மாடு ஒன்றிரண்டு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெட்டுப்போகும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்பின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் உட்கார்ந்திருந்து, சில நாளில் கீழே விழும். ஒரு பிணத்தில் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற பறவை என்பதால், நூறு பிணத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனத்தை அழிக்கப் போதும். வருஷத்துக்கு ஒரே முட்டைதான் வேறு. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மாட்டுக்கு அது கூடாது என்று அரசு தடை செய்தது. அதற்குப் பிறகும் மனுஷனுக்கு விற்ற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அதையும் 3 மில்லி ஒற்றை ஊசியாகச் சுருக்க வேண்டியிருந்தது.

"யாருக்குத் தெரியும் தம்பி அப்போ" என்றார். உண்மைதான். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நானே இலையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு வாரமாக இறகு மட்டும்தான். பேரல் தகட்டைக் கத்திரியால் வெட்டி, நடுவில் 6 எம்.எம். கம்பியை நரம்பு மாதிரி பற்றவைத்து, ஓரத்தைக் கிரைண்டரால் பிசிறாக்குகிறேன். ஒரு இறகுக்கு இருபது நிமிஷம். முனை இறகுகள் விரல் விரித்தது போலத் தனித்தனியாக நிற்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி டாக் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முழுப் பற்று.

கழுத்துக்கு வளைத்த கம்பியின் மேல் பைக் செயினை நெருக்கமாகச் சுற்றினேன். சுருங்கிய தோல் அப்படியே வந்துவிட்டது. பிணத்துக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்குக் கழுத்தில் இறகு அடர்ந்திருந்தால் ரத்தம் ஒட்டி அழுகும். அதனால்தான் அந்த மொட்டைக் கழுத்து. கழுத்தடியில் வெள்ளைப் பஞ்சு வளையத்துக்குக் கம்பி வடத்தைப் புரி பிரித்துச் சிலுப்பி வைத்தேன். கையெல்லாம் கீறல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதுகின் வெள்ளைத் திட்டுக்கு எவர்சில்வர்தான் சரி. பெயின்ட் அடிக்க மனசில்லை. அம்மா பரணிலிருந்து ஒரு தாம்பாளத்தை இறக்கிக் கொடுத்தாள். கல்யாணச் சீர். விளிம்பில் அப்பா பேரும் அம்மா பேரும் 12.9.85 என்ற தேதியும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. வேண்டாம் என்றேன். "பரண்ல கிடந்து என்னத்துக்கு" என்றாள்.

எஸ்.எஸ். ராடு போட்டும் தகடு மெலிசு என்பதால் ஓட்டை விழுந்தது. ஆம்பியரைக் குறைத்தால் பிடிக்கவில்லை. கடைசியில் பற்றவைப்பதை விட்டுவிட்டு ரிவிட் அடித்தேன். பேர் வெட்டின விளிம்பு மேல்புறமாக வரும்படி வைத்திருக்கிறேன். கிட்டே வந்து குனிந்தால் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

மாட்டாஸ்பத்திரி சார் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழுத்து நிமிர்ந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. "இது கொக்கு தம்பி" என்றார். போட்டோவைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறை நடுவில் நின்றார். இரண்டு தோளையும் காதுவரை தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, தாடையைத் தாழ்த்தி ஒருக்களித்துப் பார்த்தார். முழங்கையை உடம்பிலிருந்து மெல்ல விலக்கினார். "காலையில வெயில் ஏறுகதுக்கு முன்ன இப்படித்தான் இறக்கையைப் பாதி விரிச்சுக் காயப்போட்டு நிக்கும். அப்புறம் வெயில் ஏறினதும் ஒரே எவ்வு."

எழுபது வயது மனுஷன் அப்படியே ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். என் கூட வேலை பார்க்கிற தம்பி கிரைண்டரை அணைத்துவிட்டான். நான் நாடாவை எடுத்து அவர் தோளுக்கும் தாடைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டேன். ராத்திரியே கழுத்தை அறுத்து வளைத்துத் திரும்பப் பற்றவைத்தேன். இறக்கையும் இனி பாதி விரிப்புதான். வெள்ளை முதுகு தெரியவும் அதுவே தோது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எதிர்க்கடை அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், ஆனால் பிணந்தின்னியை வாசலில் வைத்தால் கடைக்கு ஆகாது என்று வருத்தப்பட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்: "அது தின்னுட்டுப் போனதாலதான் ஊரு நாறாம இருந்துச்சு அண்ணாச்சி. இப்பம் நாய்தான திங்குது." அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அலகைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரும்பைச் சூடேற்றி வேஸ்ட் ஆயில் தேய்த்தேன். புகை அடங்கின பிறகு வந்த அந்தக் கருப்பு, பெயின்டில் வராது. எடை போட்டோம், 84 கிலோ. உயிருள்ள பறவை ஐந்து கிலோ சுமார்தான். அந்த ஐந்து கிலோ, சிறகை அடிக்காமல் வெயில்காற்றிலேயே வட்டம் போட்டு ஏறும். இது எங்கேயும் போகாது. பார்க்கும்போது அதுதான் மனசைப் பிசைகிறது. தமிழ்நாட்டில் இன்றைக்கு நிஜப் பாறு பார்க்க முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும். அங்கே நீர்மருத மரத்தில் கூடு கட்டுகின்றன. நீர்மருது நம் தாமிரபரணிக் கரையிலும்தான் நிற்கிறது.

செப்டம்பர் 6, சனி

செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகம் முழுக்கப் பாறு விழிப்புணர்வு நாள். அதற்காகவே இன்று வாசலில் நிறுத்தினோம். மாட்டாஸ்பத்திரி சார்தான் துணியை எடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

பீடத்தில் தகடு வெட்டி எழுத்து வைத்திருக்கிறேன். மாட்டுக்குக் கூடாதது: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நிமிசுலைடு. நடுவில் உள்ள இரண்டும் 2023-ல்தான் தடையானது, கடைசியது 2024 டிசம்பரில். போடலாம் என்பது: மெலாக்சிகம், டோல்ஃபெனமிக் அமிலம். பெயர்களைச் சார் இரண்டு முறை சரிபார்த்தார்.

சாயங்காலம் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். மடிவீக்கத்துக்கு மருந்து வாங்கப் போகிறாராம். எழுத்தின் மேல் விரலை வைத்து, "மெ-லாக்-சி-கம்" என்று படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் போனை எடுத்துத் தகட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.